டயாலிசிஸ் தொடங்கும்போது 'சி பாசிட்டிவ்' வந்தால்

முதல் டயாலிசிஸுக்கு முன்பு ரத்தம் எடுத்து எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் பரிசோதிப்பார்கள். அதில் 'சி பாசிட்டிவ்' என்று வந்தால் வீடே கலங்கிப்போகும். ஆனால் ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸால் வருவது; மாத்திரையில் குணமாகும் நோய். அந்த மாத்திரையை இலவசமாகத் தருவதற்கென்றே தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அதை மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது.

பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் இலவசம் என்பது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். ஹெபடைடிஸ் திட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் அரசு சிகிச்சை மையத்துக்குப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்கள்.

முதலில் வந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அது பெரும்பாலும் ஆன்டிபாடி பரிசோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸ் எப்போதோ வந்து தானாகவே போயிருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கோ சில சமயம் வைரஸ் இருந்தும் நெகட்டிவ் காட்டிவிடும். இப்போது உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது 'வைரல் லோடு' எனப்படும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். அதுவும் திட்டத்தில் இலவசம்.

வைரஸ் இருப்பது உறுதியானால், கல்லீரல் சுருங்காதவர்களுக்கு வழக்கமாக சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம். ஊசி போட்டுப் பக்கவிளைவுகளில் அவதிப்பட்ட இன்டர்ஃபெரான் காலம் போய்விட்டது. டயாலிசிஸில் இருப்பவர்களும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடலாம். என்றாலும் மற்ற மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்கள், சிகிச்சை முன்பா பின்பா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி வைரல் லோடு பார்ப்பார்கள். வைரஸ் இல்லையென்றால் குணமானதாகக் கணக்கு. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டாலும் தப்பில்லை! ஏனென்றால் ஆன்டிபாடி அதற்குப் பிறகும் பாசிட்டிவாகவே வரும். வேறு டயாலிசிஸ் சென்டருக்கு மாறும்போது, அந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'பாசிட்டிவ் மெஷினில்தான் போடுவோம்' என்பார்கள். உண்மையில் தனி மெஷின் கட்டாயம் என்பது ஹெபடைடிஸ் பி-க்குத்தான். சி-க்குத் தனி மெஷின் தேவையில்லை, ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்றுவது, மெஷினைத் துடைப்பது, மருந்து பாட்டிலைப் பொதுவில் வைக்காதது ஆகியவைதான் முக்கியம் என்பது சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல்.

அப்புறம், பி-க்கு இருப்பதுபோல சி-க்குத் தடுப்பூசி கிடையாது. குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம். அதனால் டயாலிசிஸில் இருக்கும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். குணமானவர்களுக்கு அது ஆன்டிபாடி அல்ல, வைரல் லோடு.