கேப்புக்குள் இருக்கும் பல்

"கேப் கழண்டு வந்துடுச்சு டாக்டர், திரும்ப ஒட்டிக் குடுத்துடுங்க" என்று கைக்குட்டையைப் பிரித்தார் அந்த அம்மா. ஏழு வருடத்துக்கு முன் போட்ட கேப். மேலே ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தேன். சிமென்ட் மட்டும் இருக்க வேண்டிய உள்பக்கத்தில், பல்லின் மேல்பாதி பழுப்பேறி, மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் மிச்சம் இருந்தவை ஈறுக்குக் கீழே அமுங்கிப்போன வேர்கள்தான். கேப்பை ஒட்டுவதற்குப் பல் இல்லை.

"வலியே இல்லையே!" என்றார். வலித்திருக்காது. அது ரூட் கெனால் செய்த பல். உள்ளே நரம்பு இல்லாததால் சொத்தை எவ்வளவு ஆழம் போனாலும் தெரியாது.

கேப் போட வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா, எத்தனை வருட உத்தரவாதம் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் உத்தரவாத அட்டை கேப்புக்கு மட்டும்தான். செராமிக்கும் ஜிர்கோனியாவும் சொத்தையாவதில்லை. அவற்றுக்கு அடியில் இருக்கும் பல் சொத்தையாகும். ஈறை ஒட்டி கேப் முடிந்து பல் தொடங்குகிற அந்த மெல்லிய கோடுதான் ஆபத்தான இடம். அழுக்கு தங்குவதும் அங்கேதான், கிருமி நுழைவதும் அங்கேதான்.

இதைப் படித்துவிட்டுக் கேப்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில், சொத்தையைச் சுரண்டி உள்ளே வழியும் திறந்தபிறகு, சுவர்கள் மெலிந்துதான் நிற்கும். மெல்லுகிற அழுத்தத்தில் அவை இரண்டு பக்கமும் விரிந்து பிளக்கப் பார்க்கும். வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்குவதுபோல கேப் அவற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. வலி போனதும் கேப்பைத் தள்ளிப்போட்டு, சில மாதம் கழித்துப் பல் வேர்வரை பிளந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிளந்தால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதிகம் சேதமாகாத முன்பல்லுக்கு ரூட் கெனாலுக்குப்பின் கேப் தேவைப்படாமலும் போகலாம்.

இல்லாத பல்லின் இடத்தில் ஒரு பொய்ப்பல்லை வைத்து, அதை இரண்டு பக்கத்துப் பற்களின் கேப்போடு இணைப்பதுதான் பிரிட்ஜ். அந்த விஷயத்தில் நான் இன்னும் யோசிப்பேன். இல்லாத ஒரு பல்லுக்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோடு, எப்படியும் கேப் தேவைப்படுகிற நிலையில் இருந்தால் பிரிட்ஜ் நல்ல முடிவு. ஒரு குறையும் இல்லாத பற்கள் என்றால், தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கிற இம்ப்ளான்ட் பொருந்துமா என்று முதலில் பார்த்துவிடச் சொல்வேன். முன்பல் ஒன்று மட்டும் இல்லையென்றால், பக்கத்துப் பல்லின் பின்புறம் இறக்கைபோல் ஒட்டுகிற பிரிட்ஜ் வகையும் உண்டு. சீவுவது மிகக் குறைவு. இடைவெளியை வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு எது செய்வதும் சிரமம்.

பிரிட்ஜ் போட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று பற்களும் ஒன்றாக இணைந்திருப்பதால் பல்லிடுக்கைத் துடைக்கும் சாதாரண ஃப்ளாஸ் நூல் மேலிருந்து உள்ளே இறங்காது. நுனி விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸைப் பக்கவாட்டில் நுழைத்து, நடுப் பல்லின் அடியில் இழுத்துத் துடைக்க வேண்டும். தாங்குகிற பல் ஒன்றில் சொத்தை விழுந்தாலும் மொத்த பிரிட்ஜையும் கழற்ற நேரிடலாம்.

கேப் எப்போதாவது கழன்றால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள். பத்திரமாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். கடித்தால் மேடு தட்டுகிறது என்றாலும் உடனே சொல்லுங்கள், பழகிவிடும் என்று இருக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு வேர்களை எடுக்க வேண்டியதாயிற்று. மறுபக்கம் இன்னொரு கேப் இருந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்து, பிரஷ்ஷைச் சாய்த்து, பாதி இழை ஈறிலும் பாதி கேப்பிலும் படும்படி வைத்துக் காட்டினேன். தேய்த்ததும் லேசாக ரத்தம் வந்தது. பயந்து கையை எடுத்துவிட்டார்.

"ரத்தம் வருதேன்னு விட்டுடாதீங்கம்மா. தினம் ரெண்டு வேளை இதே மாதிரி மெதுவா தேய்ங்க. ரெண்டு வாரத்துல நிக்கலைன்னா வந்து காட்டுங்க" என்றேன்.