வெப்பமான சுற்றுலாத் தலத்தில் கணப்பு அடுப்பு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பகலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத கடலோரச் சுற்றுலாத் தலம் ஒன்றில், விறகு எரிக்கும் இரும்புக் கணப்புகள் விற்பனைக்கு வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரும். கணப்பு பொருத்துவதையும் புகைபோக்கி துப்புரவு செய்வதையும் தொழிலாகக் கொண்ட நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்றாவது முறையாக, "கணப்பு புதியது, ஆனாலும் புகை அறைக்குள்ளேயே வருகிறது, வந்து பாருங்கள்" என்று அழைக்கப்பட்ட பிறகு, சிரிப்பு போய் எரிச்சல்தான் மிஞ்சியிருக்கிறது.

மூன்றாவது அழைப்பு, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்படும் ஒரு சிறிய வீட்டிலிருந்து வந்தது. முதல் நாள் மாலை அடைமழை பெய்ததால் தங்கியிருந்த குடும்பத்தார் ஆசைக்குக் கணப்பை மூட்டியிருக்கிறார்கள். புழுக்கமாக இருந்ததால் குளிரூட்டியை நிறுத்தவில்லை, குளிர்காற்று வெளியேறிவிடும் என்று சன்னல்களையும் திறக்கவில்லை. இரவில் நால்வருக்கும் தலைவலி, இருவருக்கு வாந்தி. மதியம் சாப்பிட்ட மீன்தான் காரணம் என்று முடிவுகட்டி, காலையில் வெளியே உலாவப் போனதும் தேறிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது புகைக்குழாயின் வாய் கூரை விளிம்புக்குக் கீழேயே முடிந்திருந்தது. கணப்பின் கதவைத் திறந்து கையை நீட்டினேன். குழாயிலிருந்து காற்று கீழ்நோக்கி என் விரல்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஊர்களில் கணப்பு விற்பதில் தவறில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கடற்கரையில் 30 டிகிரி இருக்கும்போது 2,000 மீட்டர் உயரத்தில் 17 டிகிரிதான், இரவில் அதற்கும் கீழே. மலைமேல் வீடு வைத்திருப்பவர்கள் அடிவாரத்துக் கடையில் வாங்குவது இயல்பு. என் கவலை, அதே கணப்பைப் பார்த்து மயங்கி, 'அழகுக்கு ஒன்று இருக்கட்டும்' என்று கடற்கரை வீட்டின் வரவேற்பறையில் வைக்கிறவர்களைப் பற்றியது.

இவர்கள் எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "இது சூடான ஊர், புகை தானாக மேலே போய்விடும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. புகையை மேலே கொண்டுபோவது சூடு அன்று, சூட்டின் வித்தியாசம். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடாக, அதாவது எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் இழுப்பு கிடைக்கும். 5 மீட்டர் உயரக் குழாய்க்குள் சராசரியாக 150 டிகிரி வெப்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறைபனி என்றால் சுமார் 22 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுப்பு வரும். வெளியே 32 டிகிரி என்றால் அதே குழாய்க்கு 16 பாஸ்கல்கூடத் தேறாது. குளிர் நாட்டு வீட்டுக்கென்று வடிவமைத்த கணப்பு, நம் வெயிலில் முதல் நாளே கால்பங்குக்கு மேல் பலம் இழந்துதான் வேலையைத் தொடங்குகிறது.

அது எரிந்துகொண்டிருக்கும்போது உள்ள நிலை. மூட்டும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். அறையைக் குளிரூட்டி 22 டிகிரிக்குக் கொண்டுவந்திருக்கிறது, வெளியே 33 டிகிரி என்றால், அறைக்காற்றோடு சேர்ந்து குளிர்ந்துபோன குழாய்க்காற்று வெளிக்காற்றைவிடக் கனமாகி, கிணற்றுக்குள் விட்ட வாளியைப் போலக் கீழே இறங்கும். அந்த வீட்டில் என் விரல்களில் பட்டது அந்தக் காற்றுதான். இதன்மேல் சமையலறையிலோ குளியலறையிலோ காற்று வெளியேற்றும் விசிறி ஒன்று ஓடினால், அது அடைத்த வீட்டிலிருந்து இழுக்கும் காற்றுக்கு ஈடான காற்று புகைபோக்கி வழியாகத்தான் உள்ளே வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. சூடான ஊர் உங்களுக்குத் துணை நிற்கவில்லை, எதிராக நிற்கிறது என்பதைத் தயவுசெய்து ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

"அப்படியானால் பெரிய கணப்பாக வாங்குகிறேன்" என்பார்கள் அடுத்ததாக. குளிர் நாடுகளிலேயே ஓர் அறையின் 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட் வெப்பம் என்பதுதான் தோராயக் கணக்கு. 40 கன மீட்டர் அறைக்கு அங்கேயே 3 கிலோவாட் போதும். பத்து டிகிரி கூட்டினால் போதும் என்கிற மலைவீட்டுக்கு அதில் பாதி தாராளம். கடையில் நிற்பதோ 8 கிலோவாட் கணப்பு. அதை மூட்டினால் அரைமணி நேரத்தில் அறையில் இருக்க முடியாது. உடனே காற்றுத் திறப்பை முக்கால்வாசி மூடுவார்கள். மூடிய கணப்பில் விறகு எரியாது, புழுங்கும். கார்பன் மோனாக்சைடு பெருகும். குழாயின் உட்புறம் தார்போல் கரிப்பிசின் படியும். என்றைக்காவது ஒருநாள் அந்தப் பிசின் தீப்பற்றி, குழாயே கொள்ளிக்கட்டையாகும். சிறியதை வாங்குங்கள், திறந்து எரியவிடுங்கள்.

பழைய கணப்பு வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது ஒரு டார்ச் விளக்கையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை எரியவிட்டுக் கணப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, இருட்டில் சுற்றிவந்து பாருங்கள். கடலோர உப்புக்காற்று தின்ற இரும்பு, மேலே கறுப்பு வண்ணம் பளபளத்தாலும், குழாய் சேரும் கழுத்தில் ஊசிமுனை ஒளியாக உண்மையைச் சொல்லிவிடும். பிறகு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால், கதவோரத்தில் இடைவெளியை அடைக்கும் கதவுக் கயிறு செத்துவிட்டது என்று பொருள். மிகப் பழைய கணப்புகளின் கயிற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைக் கையால் பிய்த்துப் பார்க்காதீர்கள்.

குழாயின் வாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்துக்கு மேலே 3 அடியாவது நிற்க வேண்டும், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். ஓலைக்கூரை வீட்டில் கணப்பு வைக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விறகு விஷயத்திலும் விடுமுறை மனநிலை வேண்டாம். கரையில் ஒதுங்கிய கட்டை இலவசமாகக் கிடைக்கிறது, நீலச்சுடரோடு அழகாகவும் எரிகிறது. ஆனால் கடல்நீர் ஊறிய அந்தக் கட்டையில் இருக்கும் உப்பு எரியும்போது டயாக்சின் போன்ற நஞ்சுகளுக்கு வழிசெய்கிறது, குழாயையும் அரிக்கிறது. கழிமுகத்துத் தில்லை மரத்தின் பால் பட்டாலே கண்ணைக் கெடுக்கும், அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. அரளிக்கட்டை அடுப்புக்கே கூடாது. பச்சை நிறம் ஏற்றிய பழைய வேலிக்கம்பங்களில் ஆர்சனிக் இருக்கலாம். காய்ந்த விறகு என்றால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரக்காற்று வீசும் ஊரில் திறந்தவெளியில் அடுக்கிய விறகு அந்த நிலைக்கு எளிதில் வராது.

கடைசியாக, அந்தக் குடும்பத்தின் தலைவலிக்கு வருகிறேன். புகை கண்ணுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாது, மணக்கவும் மணக்காது. சுடர் அடங்கித் தணல் மட்டும் கனியும் நேரம்தான் அதற்கு வசதியானது: புகை இல்லை, குழாய் ஆறிக்கொண்டிருக்கிறது, இழுப்பு தளர்கிறது, வீட்டார் தூங்கப் போகிறார்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் குறைந்தால், மீனையும் வெயிலையும் சந்தேகிப்பதற்கு முன் கணப்பைச் சந்தேகியுங்கள். எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், "கணப்பு எரிந்த அறையில் இருந்தோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இந்த நஞ்சை ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டிவிடும். கணப்பு இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும், மின்கலத்தோடு. குழந்தைகளோடு தங்க வருகிறவர்களுக்காகவாவது, வீட்டை வாடகைக்கு விடுகிற அம்மாக்களே, ஐயாக்களே, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அந்த வீட்டின் கணப்புக் கழுத்தில் தகடு வைத்து அடைத்து, கதவுக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டு வந்தேன். குழாயை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற அளவையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா கணப்புக்குள் ஒரு மின்விளக்கை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். விருந்தினர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம்.