குயாஷ் என்ற சொல்லும் அதற்கான தமிழும்

ஹங்கேரியின் தேசிய உணவை நாம் 'கௌலாஷ்', 'கூலாஷ்', 'குலாஷ்' என்று விதவிதமாக எழுதுகிறோம், பக்கத்திலேயே 'ஹங்கேரி மாட்டிறைச்சிக் குழம்பு' என்று ஒரு விளக்கமும் போட்டுவிடுகிறோம். இந்த வடிவங்கள் எல்லாமே ஆங்கிலம் வழியாக வந்தவை, ஆங்கிலத்துக்கு அது ஜெர்மனிலிருந்து போனது. ஹங்கேரியர் வாயில் அந்தச் சொல் 'குயாஷ்'. எழுதும்போது நடுவில் 'எல்', 'ஒய்' இரண்டும் சேர்ந்து வரும், ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தால் அவர்களுக்கு அது வெறும் யகரம். கடைசியில் உள்ள 'எஸ்' அவர்கள் மொழியில் 'ஷ்'. முதலெழுத்தை 'குரு' என்று சொல்லும்போது வருகிற கு மாதிரி ஒலித்தால் போதும். தமிழில் இத்தனை எளிதாக எழுத முடிகிற ஒரு சொல்லை, இரண்டு மொழிகளைச் சுற்றிக்கொண்டு வந்து எழுத வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, பொருள் என்ன? 'குயா' என்றால் மாட்டு மந்தை. அதோடு சேரும் 'ஷ்' நம்முடைய 'காரர்' செய்கிற வேலையைச் செய்கிறது. ஆக, குயாஷ் என்றால் மந்தைக்காரர், அதாவது மாடு மேய்ப்பவர். உணவின் பெயரே இல்லை, ஓர் ஆளின் தொழிற்பெயர்! அதிலும் மாட்டுக்கு மட்டும்தான்; குதிரை மேய்ப்பவர் 'சிக்கோஷ்', ஆடு மேய்ப்பவர் 'யுஹாஸ்', பன்றி மேய்ப்பவர் 'கொண்டாஷ்' என்று ஒவ்வொருவருக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். உணவுக்கு முதலில் இருந்த முழுப்பெயர் 'குயாஷ்ஹூஷ்', மந்தைக்காரர் இறைச்சி என்று பொருள். போகப்போக இறைச்சி உதிர்ந்துபோய் ஆள் மட்டும் நின்றுவிட்டார்.

அந்த ஆள் யார் என்று தெரிந்தால்தான் சொல் முழுசாகப் புரியும். டான்யூப் ஆற்றுக்குக் கிழக்கே பரந்து கிடக்கிறது ஹங்கேரியின் பெருஞ்சமவெளி. நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகளை அந்தப் புல்வெளியில் மேய்த்து வளர்த்து, வியன்னா, நூரம்பர்க் போன்ற ஊர்களின் சந்தைக்கு நடத்தியே ஓட்டிப் போனார்கள். நாள்கணக்கில் வெட்டவெளியில் கிடக்கிற மனிதர்களுக்கு என்ன சமையல் இருக்க முடியும்? ஒரு இரும்புச் சட்டி, அதைத் தொங்கவிட ஒரு கம்பு, கீழே தீ. சட்டிக்குப் பெயர் 'போக்ராச்'. கொழுப்பை உருக்கி, வெங்காயத்தை வதக்கி, இறைச்சியைப் போட்டுப் பொறுமையாக வேகவிட்டால் சாப்பாடு முடிந்தது.

மேய்ப்பவர்களின் சட்டியில் கிடந்தது நாட்டின் அடையாளமாக மாறியதற்கு ஒரு மொழிப் பிரச்சினை காரணம், தமிழருக்கு இது சட்டென்று விளங்கும். ஹங்கேரி அப்போது வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், அரசு நிர்வாகமெல்லாம் இனி ஜெர்மன் மொழியில்தான் என்று ஆணையிட்டார். ஹங்கேரியப் பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை. தங்கள் மொழி, தங்கள் உடை என்று எதெல்லாம் ஜெர்மானியரிடம் இல்லையோ அதையெல்லாம் பெருமையோடு முன்னால் எடுத்து வைத்தார்கள், அந்த வரிசையில் மந்தைக்காரரின் இறைச்சியும் மேல்தட்டு மேசைக்கு ஏறியது. 1790இல் சாவதற்குச் சற்று முன் ஜோசப் தன் ஆணைகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றுவிட்டார். ஆனால் மேசைக்கு வந்த உணவு இறங்கவில்லை.

இங்கேதான் ஒரு குழப்பம் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியே போனபோது பெயர் ஒரு பண்டத்திலும் பண்டம் வேறொரு பெயரிலும் மாட்டிக்கொண்டன. இன்று ஹங்கேரியில் குயாஷ் கேட்டால் கிண்ணத்தில் நீர்க்க, சிவப்பாக, இறைச்சியும் உருளைக்கிழங்கும் மிதக்கிற ஒன்று வரும். அதன் முழுப்பெயர் 'குயாஷ்லெவெஷ்'. 'லே' என்றால் சாறு, 'லெவெஷ்' என்றால் சாறுள்ளது. ஆனால் வியன்னாவிலும் மற்ற ஊர்களிலும் 'கூலாஷ்' என்று தருகிற கெட்டியான பண்டத்துக்கு ஹங்கேரியில் வேறு பெயர்: 'பொர்கொல்ட்', வறுத்தது என்று பொருள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி தள்ளிப் போய் மக்ரோனியும் கொத்திறைச்சியும் தக்காளியும் கலந்ததை அந்தப் பெயரில் சாப்பிடுகிறார்கள். நம்முடைய 'கறி' ஆங்கிலத்துக்குப் போய் மஞ்சளாக இருக்கிற எல்லாவற்றுக்கும் பெயரானதை நினைத்துப் பாருங்கள், இந்தச் சொல்லுக்கும் அதேதான் நடந்திருக்கிறது.

அதனால் 'மாட்டிறைச்சிக் குழம்பு' என்ற தமிழாக்கம் இரண்டு இடத்தில் தப்பு. குழம்பு என்றால் குழம்பி, கெட்டிப்பட்டு இருப்பது. குயாஷ் அப்படி இல்லை. மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவதை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. அப்புறம் மாட்டிறைச்சி. பெரும்பாலும் அதுதான் என்றாலும் பயறு போட்டுச் செய்கிற 'பாப்குயாஷ்' இருக்கிறது, இறைச்சியே இல்லாமல் காய் கிழங்கு மட்டும் போட்ட 'ஹமிஷ்குயாஷ்', அதாவது பொய்க்குயாஷ் கூட இருக்கிறது. பெயரில் இருப்பது மாட்டை மேய்த்தவர்தான், இறைச்சி எதுவாகவும் இருக்கலாம்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆயர்' நல்ல பழஞ்சொல், ஆனால் இன்று ஆயர் என்றால் கிறிஸ்தவச் சபையின் தலைவரைத்தான் பலர் நினைப்பார்கள். 'மேய்ப்பர்' என்றாலும் அதே பக்கம்தான் மனம் போகும், ஆடும் கூடவே வந்துவிடும். 'கோவலர்' சங்கப் பாட்டில் வருகிற சொல், மாடு மேய்ப்பவர் என்ற பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் முல்லை நிலத்துக் கோவலர் என்றதும் பாலும் தயிரும் குழலும்தான் கண்முன் வரும், அவரை இறைச்சிச் சட்டியோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 'மந்தைக்காரர் கறிச்சாறு' என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: குயா மந்தை, ஷ் காரர், லெவெஷ் சாறு. பொர்கொல்டுக்கு நம் 'பிரட்டல்' அப்படியே ஒத்துவரும். பெயராக எழுதும்போது குயாஷ் என்றே எழுதி, முதல் முறை மட்டும் இந்த விளக்கத்தைச் சேர்த்தால் போதும். அதில் கிள்ளிப் போடுகிற சின்ன மாவுத் துண்டுகளுக்கு 'சிப்பெட்கெ' என்று பெயர், அந்தச் சொல்லே கிள்ளுவதிலிருந்து வந்ததுதான், 'கிள்ளுமாவு' என்றால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

குயாஷ் அரசியல் கட்டுரைகளிலும் வரும். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக ஹங்கேரியில் எழுந்த 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, கம்யூனிஸ்ட் தலைவர் யானோஷ் காதார் ஆண்ட காலத்தில், கடைகளில் ஓரளவு பொருளும் கையில் ஓரளவு சுதந்திரமும் தந்து மக்களை அமைதியாக வைத்திருந்த ஆட்சிமுறையைக் 'குயாஷ் கம்யூனிசம்' என்றார்கள். இதை 'குழம்புக் கம்யூனிசம்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம் என்றுதான் படிப்பார்கள், பெயரை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தச் சிவப்பு. குயாஷுக்கு நிறம் தருகிற 'பாப்ரிகா', மேய்ப்பவர்களின் சட்டிக்குப் பிந்தி வந்தது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயை ஹங்கேரிக்குக் கொண்டுவந்தவர்கள் துருக்கியர், அதனால் முதலில் அதைத் 'துருக்கி மிளகு' என்றே அழைத்தார்கள். பாப்ரிகா என்ற பெயர் தெற்கே இருந்த ஸ்லாவ் மொழியில் மிளகைக் குறித்த 'பாபர்' என்ற சொல்லிலிருந்து கிளைத்தது, பாபருக்கு மூலம் லத்தீனின் 'பிபெர்', அதற்கு மேலே கிரேக்கத்தின் 'பெபெரி', அதற்கும் மேலே போனால் சமஸ்கிருதத்தின் 'பிப்பலி', நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிற திப்பிலி! அவர்கள் மிளகின் பெயரை வைத்து பாப்ரிகா என்றார்கள், நாம் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு மக்களும் புதிதாக வந்த காய்க்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். எனவே பாப்ரிகாவுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை, மிளகாய்த்தூள்தான். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் காரம் குறைந்த, நிறம் தருகிற காஷ்மீர் மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்ளுங்கள், வெங்காயம் வதங்கியதும் சட்டியைத் தீயிலிருந்து இறக்கிவிட்டுத் தூளைப் போடுங்கள், தீயின் மேலே போட்டால் கருகிக் கசந்துவிடும்.