ரிடண்டன்சி: மிகையா, கைகாவலா?

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் வலையமைப்பு வகுப்பு எடுக்கிறேன். ஒன்று பழுதானால் மற்றது வேலையை ஏற்கும்படி கூடுதலாக வைப்பதை ஆங்கிலத்தில் ரிடண்டன்சி என்பார்கள். போன மாதம் அதற்குத் தமிழாகப் பலகையில் ‘மிகைமைச் சேவையகங்கள்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்த மட்டக்களப்புப் பிள்ளை கையை உயர்த்தினாள். “சேர், மிகையெண்டா தேவைக்கு மேல இருக்கிறதுதானே? அத என்னத்துக்குக் காசு குடுத்து வாங்குற?”

அவள் கேட்டதில் பிழையில்லை. நான் எழுதிய சொல்லில்தான் பிழை.

ரிடண்டன்சியின் வேர் லத்தீன். ‘உண்டா’ என்றால் அலை. அதிலிருந்து வந்த ‘ரெடுண்டாரே’ என்ற வினைக்குப் பொங்கி வழிதல் என்று பொருள். கரையில் மோதிய அலை திரும்பிப் பெருகுவதுதான் அதன் உள்ளே இருக்கும் படம். ஆங்கிலத்துக்கு வந்தபோது வழிந்தது, வேண்டாதது என்ற பக்கமே நின்றது. வேலையில் இருந்து ஆளைக் குறைப்பதற்கும் அதே சொல்லைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பொறியியல்தான் இந்தச் சொல்லுக்கு நல்ல பொருள் கொடுத்தது. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷனன் தகவல் கோட்பாட்டை எழுதியபோது, ஆங்கில எழுத்தில் ஏறத்தாழப் பாதி ரிடண்டன்சி என்று கணக்கிட்டார். ‘வெள்ள_த்தை’ என்று ஓர் எழுத்தை விட்டு எழுதினாலும் கொழும்பில் யாரும் தடுமாறாமல் வாசிப்பார்கள். மீதி எழுத்துகள் விடுபட்டதைத் தாங்கிக்கொள்கின்றன. இங்கே கூடுதலாக இருப்பது வீண் இல்லை. பிழை நேர்ந்தால் தாங்குவதே அதன் வேலை.

தமிழில் ‘மிகை’க்கு அந்தத் திருப்பம் நடக்கவில்லை. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்கிறது 345ஆம் குறள். சுமக்கத் தேவையில்லாத பாரம் என்ற பொருளில். நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது ‘மிகைபடக் கூறல்’ என்பதையும் ஒன்றாக வைக்கிறது. இத்தனை காலம் குறையைச் சுட்டிய சொல்லைக் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) எழுதினால், கணக்குப் பிரிவில் இருப்பவர் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். அவர்மேல் எனக்குக் கோபமே வராது.

நான் முன்வைக்கும் சொல் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: கைகாவல். “கைகாவலுக்குக் கொஞ்சக் காசு வைச்சிரு” என்று அம்மாமார் சொல்வார்களே, அதே சொல். அவசரத்துக்கு உதவும் என்று கைவசம் வைத்திருப்பது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது அரிக்கன் லாம்பும் மெழுகுதிரியும் கைகாவலாக இருந்தன. அவற்றை யாரும் மிகை என்று சொல்லவில்லை.

ஒரு சேவையகத்தை மென்பொருளால் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டுவது மெய்நிகராக்கம். அதில் கைகாவல் ஏன் இவ்வளவு முக்கியம்? முன்பு ஒரு சேவையகப் பெட்டி பழுதானால் ஒரு சேவை நிற்கும். இப்போது ஒரே பெட்டிக்குள் பத்து மெய்நிகர்க் கணினிகள் ஓடுகின்றன. பெட்டி விழுந்தால் பத்தும் விழும். அதனால் இரண்டு பெட்டி வைக்கிறோம். இரண்டிலும் தலா 128 கிகாபைட் நினைவகம் இருந்தால் 256 இருப்பதாகக் கணக்குப் போடக் கூடாது. ஒன்று போனால் மற்றது முழுப் பாரத்தையும் ஏற்க வேண்டும், ஆகவே கையில் இருப்பது 128க்கும் குறைவுதான்.

வலையமைப்பில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். ஒவ்வொரு சேவையகத்தின் முதுகிலும் நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு கேபிள். இரண்டையும் பொண்டிங் செய்து ஒரே இணைப்பாக்கி, அதன்மேல் மெய்நிகர்க் கணினிகளை வலையமைப்போடு சேர்க்கும் பிரிட்ஜ் போட்டிருந்தார்கள். நேர்த்தியான வேலை. நீலத்தைப் பிடித்துக்கொண்டு போனேன், மஞ்சளையும் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டும் ஒரே வலையமைப்பு ஆளியில் (சுவிட்சில்) பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் முடிந்தன. அந்த ஒற்றை ஆளி நின்றால் எல்லாமே நிற்கும்.

அடுத்த நாள் இரண்டாவது ஆளியை வைத்து மஞ்சளை அதற்கு மாற்றினோம். ஒரு கேபிள் வேலை செய்ய மற்றது காத்திருக்கும் முறையைத் தெரிவுசெய்தோம். அதற்கு ஆளியில் எந்த அமைப்பும் செய்யத் தேவையில்லை. இரண்டு கேபிளும் சேர்ந்து ஓடும் எல்.ஏ.சி.பி. என்ற முறை வேண்டுமென்றால், இரண்டு ஆளிகளும் ஒன்றாக நடந்துகொள்ளத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். பிறகு சேவையகம் பதில் தருகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பிங் கட்டளையைத் திரையில் ஓட விட்டு, முதல் ஆளியின் மின்கம்பியைக் கழற்றினேன். ஒரு பதில் தவறியது. அடுத்ததில் இருந்து வரிகள் பழையபடி இறங்கின. இந்தச் சோதனையைச் செய்யாத வரை அது கைகாவல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு சொல்லும் இதோடு வருகிறது: குவோரம், அதாவது முடிவெடுக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற எண். நம் பாராளுமன்றத் தமிழில் அது ‘கூட்ட நடப்பெண்’. அங்கே 20 பேர். புரொக்ஸ்மொக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருளில் பல பெட்டிகள் ஒன்றாக இயங்கும் கொத்தணிகளில், பாதிக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். இரண்டே பெட்டி என்றால் ஒன்று விழுந்ததும் மற்றதிடம் இருப்பது சரிபாதி, பாதிக்கு மேல் இல்லை. நலமாக இருக்கும் பெட்டியும் முடிவெடுக்க முடியாமல் நிற்கும். மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினி போதும், ஆனால் அது கட்டாயம். பெட்டிகள் ஒன்றையொன்று ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று விசாரிக்கும் வழியைத் தரவு நெரிசலில் சிக்காத தனிக் கேபிளில் விட வேண்டும். அந்த விசாரிப்பு தாமதித்தால், உயிரோடு இருப்பதையே செத்ததாக எண்ணிவிடும்.

‘கைகாவல்’ என்றால் சும்மா காத்திருப்பது மட்டும்தானே, இரண்டும் சேர்ந்து ஓடினால் என்ன சொல்வது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. காத்திருப்பதை ‘காத்திருப்புக் கைகாவல்’ என்றும், சேர்ந்து ஓடுவதை ‘இணைக் கைகாவல்’ என்றும் எழுதுகிறேன். ‘உபரி’ எனக்குச் சரிவரவில்லை. அதிலும் மிச்சம் என்ற வாடை இருக்கிறது.

காப்புப்பிரதியைக் கைகாவல் என்று எழுத வேண்டாம். கைகாவல் சேவையகங்கள் இரண்டும் ஒரே தரவைத்தான் வைத்திருக்கும். யாராவது ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். அதை மீட்டுத் தருவது வேறிடத்தில் இருக்கும் பிரதிதான். அதற்குக் காப்புப்பிரதி என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது.