நடை வளைத்த எலும்பு

“ஒரு முழங்கால் துண்டை வைத்துக்கொண்டு, ‘இது நிமிர்ந்து நடந்த உயிர்’ என்கிறார்களே, அது ஊகம்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். சிவாலிக் மலைப்பகுதியில் 1932இல் கிடைத்த ஒரு தாடைத் துண்டை நம்பி, ‘ராமாபித்தேகஸ்’ என்ற பழங்கால வாலில்லாக் குரங்கு மனிதனின் மூதாதை என்று 1960களில் அறிஞர்களே எழுதினார்கள். பிறகு முக எலும்புகள் கிடைத்தபோது, அது ஒராங்குட்டானுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. தாடையும் பல்லும் எதைத் தின்றது என்பதைச் சொல்லும். எப்படி நடந்தது என்பதைக் காலைத்தான் கேட்க வேண்டும்.

கால் கிடைத்தது 1973இல். எத்தியோப்பியாவின் ஹடாரில் தொல்மானுட ஆய்வாளர் டொனால்ட் ஜொஹான்சன் ஒரு தொடை எலும்பின் கீழ்முனையையும், கணைக்கால் எலும்பின் மேல்முனையையும் கண்டெடுத்தார். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. வயது ஏறத்தாழ 34 லட்சம் ஆண்டுகள். ‘லூசி’ என்று பெயரிடப்பட்ட புகழ்பெற்ற ஆதி மனிதக் குல எலும்புக்கூடு அங்கே கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். எரிமலைச் சாம்பலில் பொட்டாசியம் ஆர்கானாக மாறும் அளவைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே என்பதால் அதைக் கடந்து முழங்காலுக்கே வருகிறேன்.

எழுந்து நின்று பாருங்கள். இடுப்பில் தொடைகள் விலகித் தொடங்குகின்றன. முழங்கால்களோ அருகருகே வந்துவிடுகின்றன. தொடை எலும்பு மேலிருந்து கீழாக உள்நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். நம்மில் இந்தச் சாய்வு சுமார் 8 முதல் 11 பாகை. சிம்பன்சிக்கு அது கிட்டத்தட்ட நேராகவே இறங்குகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கணநேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்த நொடியில் பாதம் உடலின் எடைக்கு நேர்கீழே இருந்தால்தான் தடுமாறாமல் இருக்க முடியும். இரண்டு காலில் நடக்கும் சிம்பன்சி பக்கத்துக்குப் பக்கம் ஆடி ஆடிப் போவதற்கு இந்தச் சாய்வு இல்லாதது ஒரு முக்கியக் காரணம். ஹடார் முழங்காலில் சாய்வு தெளிவாக இருந்தது.

இதுவரை சொன்னது உடற்கூறு. என்னை மயக்குவது இனி வருவது. பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது! அதன் தொடை எலும்பு சிம்பன்சியினுடையதைப் போல நேராகத்தான் இருக்கிறது. குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து, நடைவண்டியைத் தள்ளி, விழுந்து, மறுபடி எழுந்து நடக்கும்போது, உடலின் எடை முழங்காலுக்கு மேலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பின்மீது இறங்குகிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ப எலும்பு உட்பக்கம் சற்றுக் கூடுதலாக வளர்கிறது. சில ஆண்டுகளில் சாய்வு உருவாகிவிடுகிறது. நோயினாலோ ஊனத்தினாலோ ஒருபோதும் நடக்காத பிள்ளைகளின் தொடை எலும்பில் அது உருவாவதில்லை என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தச் சாய்வு, நடப்பதற்கு வாகான உடல் என்பதைவிட அழுத்தமான ஒன்றைச் சொல்கிறது. அந்த ஹடார் உயிர் உண்மையிலேயே நடந்தது. அதுவும் சிறு பிராயத்திலிருந்தே நாள்தோறும் நடந்தது. ஒரு பிள்ளை நடை பழகிய நாட்கள் 34 லட்சம் ஆண்டுகளாக எலும்பில் பதிந்து கிடக்கின்றன. இதை ஊகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு அழகான பாடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதுதான் வருத்தம். தேசியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி 2023இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறார்கள். உயிரியல் எடுக்காத மாணவர் அதை எங்கே படிப்பார்? தன் முழங்காலின் கதையை அறிய ஒருவர் மருத்துவராகப் போக வேண்டியதில்லை.

எலும்பின் கதையைப் படிக்கப் பெரும் பொறுமையும் தேவை. ஹடாருக்கு அருகிலுள்ள டிகிகாவில் 2000ஆம் ஆண்டு செரசெனாய் அலெம்செகெட் குழுவினர், சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். வயது மூன்றுக்குள் இருக்கும். லூசியின் இனம்தான். எலும்புகள் மணற்பாறைக்குள் சிக்கியிருந்தன. பல் மருத்துவக் கருவியால் மணலைத் துகள் துகளாக நீக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. அதன் பாதத்தைப் பற்றிய விரிவான ஆய்வு 2018இல்தான் வெளிவந்தது. இரண்டு காலில் நடந்த பாதம் அது. ஆனால் பெருவிரல் நம் குழந்தைகளுடையதைவிடச் சற்று அதிகமாக அசையக்கூடியது. ஓடித் திரிந்து களைத்தபின் தாயின் உடலைக் காலாலும் பற்றிக்கொள்ள அது உதவியிருக்கலாம்.