குழிக்குள் இருக்கும் கால்

பவானியில் குழித்தறி இருக்கும் வீட்டுக்குள் போய் நின்றால், ஜமுக்காளம் நெய்பவரின் பாதி உடம்புதான் தெரியும். இடுப்புக்குக் கீழே குழி. அந்த இருட்டுக்குள் இரண்டு கால்களும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கும். கண் முழுக்க ஊடை நூலிலும் கரையிலும் இருக்கும். எந்த மிதி மேல் கால் இருக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதே இல்லை. கேட்டால், "அது பாட்டுக்கு மிதிக்குமுங்க" என்பார்.

நாம் எல்லாருமே அப்படி அது பாட்டுக்கு விட்டுவிட்ட திறமை இது. டிவியைப் பார்த்துக்கொண்டே அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்து வாயில் வைக்கிறோம், கை வழி தவறுவதில்லை. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களைப் பள்ளியில் படித்தோம். கை எங்கே நீண்டிருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்லும் இந்தப் புலன் அந்தக் கணக்கில் வரவே இல்லை. பிரிட்டனின் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இதற்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நம் தசைகளுக்குள் சில மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணுறுப்புகள் பொதிந்திருக்கின்றன. நடுவில் தடித்து இரு முனையும் கூம்பி, தறியில் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவைப் போலவே இருக்கும். அதன் நடுப்பகுதியில் நரம்பு முனை சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது. தசை நீளும்போது சுருளும் இழுபடுகிறது, உடனே நரம்பில் மின்துடிப்பு கிளம்புகிறது. எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்ற இரண்டு சேதியும் அந்தத் துடிப்பிலேயே இருக்கும். தசை எலும்போடு சேரும் தசைநாணில் வேறொரு வகை உறுப்பு உண்டு. அது இழுவிசையை அளக்கிறது. இந்தச் சேதிகள் நொடிக்கு 80 முதல் 120 மீட்டர் வேகத்தில் போகின்றன. பாதத்திலிருந்து முதுகுத்தண்டுக்கு வந்து சேர நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அங்கிருந்து ஒரு கிளை பெருமூளைக்கும் இன்னொன்று சிறுமூளைக்கும் போகிறது. அசைவைத் திருத்தும் வேலையில் பெரும்பகுதி சிறுமூளையுடையது. அது நம் கவனத்துக்கே வராது, அதனால்தான் கால் 'அது பாட்டுக்கு' மிதிக்கிறது.

இழுத்தவுடன் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில் ஆர்டம் படபூட்டியானின் ஆய்வுக்குழு ஒரு செல்லை நுண்ணிய குழாய் முனையால் குத்திப் பார்த்தது. குத்தினால் அந்தச் செல்லில் மின்சாரம் ஓடியது. காரணமாக இருக்கலாம் என்று 72 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி மரபணுவை அடக்கியபோதுதான் செல் உணர்விழந்தது! அப்படி 2010இல் வெளிவந்ததுதான் பியெசோ1 என்ற மரபணு. அதன் உறவான பியெசோ2 மரபணு தரும் புரதம்தான் நம் தசைக்குள் இழுவையை மின்துடிப்பாக்கும் இந்த வேலையைச் செய்கிறது. 2021இல் மருத்துவ நோபல் பரிசில் படபூட்டியானுக்குப் பங்கு கிடைத்தது.

பியெசோ2 மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு பேரைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவருக்கு 9 வயது, இன்னொருவருக்கு 19. கண் திறந்திருந்தால் அவர்களால் நடக்க முடிந்தது. கண்ணைக் கட்டிவிட்டால் தடுமாறினார்கள்.

இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயருக்கு 1971இல், 19 வயதில், காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுவதும் போய்விட்டது. தசைகளில் பலம் இருந்தது, சூடும் வலியும் தெரிந்தன. ஆனால் கை எங்கே கால் எங்கே என்று தெரியாததால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் பாடுபட்டு, ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்து, மனதால் கணக்குப் போட்டு நடக்கக் கற்றார். அப்புறமும் விளக்கு அணைந்தால் கீழே விழுவார். இதை அறிந்த பிறகு, பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கும்போதெல்லாம் என் கால்களுக்கு மனசார நன்றி சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் பாத நரம்புகள் கெட்டு, இந்த உணர்வும் மெல்ல மழுங்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் அப்படித்தான். முதலில் தெரியும் அடையாளம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடும்போது உடம்பு ஆடும், கரண்ட் போன நேரத்தில் நடை தள்ளாடும். 'வயசாயிருச்சுங்க' என்று பெரியவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கால் கட்டைவிரலை அசைத்து, மேலேயா கீழேயா என்று மருத்துவர் கேட்பார். ஒரு நிமிஷ வேலைதான். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனையோடு இதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.