பழைய பாணி ஜின்னில் காக்டெயில்: கலப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள்

19-ஆம் நூற்றாண்டின் காக்டெயில் குறிப்புகளைத் தேடிப் பிடித்து வீட்டிலேயே கலந்து பார்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மதுக்கூடத்தில் காக்டெயில் கலப்பதையும் புதியவர்களுக்கு அதைக் கற்றுத் தருவதையும் தொழிலாகக் கொண்ட எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் ஜின் என்று மனத்தில் வைத்திருந்த பானம் வேறு, இன்று பெரும்பாலான வீட்டு அலமாரிகளில் நிற்கும் லண்டன் டிரை ஜின் வேறு. இனிப்பிலும் ஆல்கஹால் வலுவிலும் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் சுவை கெடும். அதைவிட முக்கியமாக, ஒரு கோப்பையில் எவ்வளவு ஆல்கஹால் உள்ளே போகிறது என்பது அருந்துபவருக்கே தெரியாமல் போகும். பழைய பாணி ஜின்னை ரசிப்பதற்கும் அதை அளவோடு அருந்துவதற்கும் தேவைப்படும் அறிவு ஒன்றே என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜின்னின் மூதாதை ஜெனீவர். நெதர்லாந்தும் பெல்ஜியமும் இதன் தாயகம். கம்பு, மால்ட் செய்த (முளைகட்டி உலர்த்திய) பார்லி, மக்காச்சோளம் ஆகிய தானியங்களை நொதிக்கவைத்துப் பானை வடிகலனில் வடித்தெடுக்கும் மால்ட் ஒயின் இதன் உடல். ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் காய் இதன் மணம். தானியத்தின் சுவையை மறைக்காமல் முன்னே நிறுத்துவதால், முதன்முறை சுவைப்பவர்களுக்கு இது ஜின்னைவிட இளம் விஸ்கியையே நினைவூட்டும். ஜெனீவர் தொழிலின் தலைநகராக விளங்கிய ஸ்கீடாம் நகரில், வடிசாலைகளுக்குத் தானியம் அரைத்துக் கொடுத்த மிக உயரமான காற்றாலைகள் சிலவற்றை இன்றும் காணலாம்.

ஜெனீவர் குப்பியில் ‘ஊடே’ என்றும் ‘யோங்கே’ என்றும் இருவகைப் பெயர்கள் இருக்கும். முன்னது மரப்பீப்பாயில் நெடுங்காலம் கிடந்தது, பின்னது கிடக்காதது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை தயாரிப்புப் பாணியைக் குறிப்பவையே தவிர வயதைக் குறிப்பவை அல்ல. ஊடே வகையில் மால்ட் ஒயின் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும், சர்க்கரை லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் போகக் கூடாது. யோங்கே வகையில் மால்ட் ஒயின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சர்க்கரை 10 கிராமுக்குள் இருக்க வேண்டும். மால்ட் ஒயின் பாதிக்கும் மேல் சேர்ந்தது கோரன்வைன் எனப்படும். பழைய அமெரிக்கக் குறிப்புகளில் ‘ஹாலந்து ஜின்’ என்று இருந்தால் மால்ட் மிகுந்த வகையைத்தான் தேட வேண்டும். யோங்கேயில் அந்தக் குறிப்புகள் உயிர் பெறுவதில்லை.

இதை ரசிப்பதற்கு நான் பரிந்துரைக்கும் கலவை, அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸின் காக்டெயில் நூலுடைய 1876-ஆம் ஆண்டுப் பதிப்பில் வரும் மேம்படுத்திய ஹாலந்து ஜின் காக்டெயில். 60 மில்லி ஜெனீவர், ஒரு தேக்கரண்டி சர்க்கரைப் பாகு, அரைத் தேக்கரண்டி மராஸ்கீனோ (செர்ரிப் பழ மதுரமது), இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), ஒரு சொட்டு அப்சிந்த் (சோம்பு மணமுள்ள கடும் மது) ஆகியவற்றை ஐஸில் நிதானமாகக் கிளறி, வடிகட்டி, எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அதன் எண்ணெயை மேலே தெளித்தால் போதும். இதில் பழச்சாறு கிடையாது, சோடா கிடையாது. கோப்பையில் இருப்பது ஏறத்தாழ முழுவதும் மதுவே. எனவே இது மெதுவாகச் சுவைக்க வேண்டிய பானம், தாகத்துக்கு உரியதன்று.

ஜெனீவருக்கும் இன்றைய டிரை ஜின்னுக்கும் நடுவில் நிற்பது ஓல்டு டாம் என்னும் இனிப்பான ஜின். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜின் மலிந்து ஏழைகளின் வாழ்வைச் சீரழித்ததும், அதைக் கட்டுப்படுத்த 1736-இலும் 1751-இலும் சட்டங்கள் வந்ததும் பலரும் அறிந்த வரலாறு. அன்றைய வடிமது கரடுமுரடானது. டர்பன்டைன், கந்தக அமிலம் போன்றவற்றைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். அந்தக் கடுமையை மறைக்கச் சர்க்கரையும் அதிமதுரமும் உதவின. 1830-இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலன் பரவியபின் தூய்மையான சாராயம் கிடைத்தது, மறைக்க வேண்டிய குறை குறைந்தது, இனிப்பில்லாத டிரை ஜின் மெல்ல இடம் பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஓல்டு டாம் கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஹேமன்ஸ் நிறுவனம் 2007-இல் அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு வேறு பலரும் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. லண்டன் டிரை என்று குப்பியில் போட ஐரோப்பிய விதிப்படி சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. ஓல்டு டாமுக்கு அப்படியொரு வரையறை கிடையாது. ஒரு தயாரிப்பு லேசாக இனிக்கும், மற்றொன்று மதுரபானம் போலவே இருக்கும், இன்னொன்று மரப்பீப்பாயில் கிடந்து பழுப்பு நிறத்தில் வரும். ஆகவே பாகின் அளவைக் குறிப்பிலிருந்து அப்படியே எடுக்காமல், முதலில் ஜின்னை ஒரு தேக்கரண்டி தனியே சுவைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். டாம் காலின்ஸ் என்ற காக்டெயிலைச் செய்வதானால் 60 மில்லி ஓல்டு டாம், 30 மில்லி புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு, 10 அல்லது 15 மில்லி பாகு, ஐஸ் நிறைந்த உயரமான கோப்பை, மேலே சோடா என்று தொடங்கலாம்; டிரை ஜின்னில் செய்யும்போது போடும் பாகில் ஏறக்குறைய பாதி இது. பார்டெண்டர் ஹாரி ஜான்சன் 1882-இல் வெளியிட்ட கையேட்டில் டாம் காலின்ஸுக்கு ஓல்டு டாமையும் ஜான் காலின்ஸுக்கு ஹாலந்து ஜின்னையும் கேட்டிருப்பதைப் பார்த்தால், அக்காலத்தவர்கள் எந்த ஜின் என்பதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பது விளங்கும்.

இனிப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் சேரும்போது ஆல்கஹாலின் எரிச்சல் நாவுக்குத் தெரிவதில்லை. என் பணியிடத்தில் அளவு மீறிப்போனவர்களில் பலர், நேரடியாக ஊற்றிய மதுவைக் குடித்தவர்கள் அல்லர்; எலுமிச்சைச் சாறுபோல இறங்கும் உயரக் கோப்பைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கியவர்கள். 40 சதவீத வலுவுள்ள ஜின் 60 மில்லியில் 24 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் அது சுமார் 19 கிராம். 10 மில்லியை ஒரு யூனிட்டாகக் கொள்ளும் பிரிட்டன் கணக்கில் அந்த ஒரு கோப்பை 2.4 யூனிட். உடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட்டைத்தான் கழிக்கிறது என்பதால், இருபது நிமிடத்தில் காலியான டாம் காலின்ஸ் இரத்தத்தை விட்டு நீங்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. காபியும் குளிர்ந்த நீர்க் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

பிளிமத் ஜின்னைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1793 முதல் பிளிமத் நகரின் பிளாக் ஃபிரையர்ஸ் வடிசாலையில் உருவாகும் இது, டிரை ஜின்னைவிடச் சற்று மென்மையானது. டிரை ஜின் கேட்கும் குறிப்புகளில் பெரிய மாற்றமின்றிப் பொருந்தும். ஆனால் ‘நேவி ஸ்ட்ரெங்த்’ என்று போட்டிருக்கும் ஜின்களை வாங்கும்போது நின்று படிக்க வேண்டும். வெடிமருந்தில் ஊற்றிய பிறகும் அது தீப்பற்றுகிறதா என்று பார்த்த பழைய சோதனையோடு இணைத்துச் சொல்லப்படும் இந்த வலு, 57 சதவீதம். அதே 60 மில்லியை ஊற்றினால் 34 மில்லி தூய ஆல்கஹால், அதாவது சுமார் 27 கிராம். கோப்பையும் அதேதான், நிறமும் அதேதான். உள்ளே போவதோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இந்த ஜின்னை நான் விலக்கச் சொல்லவில்லை. எலுமிச்சைச் சாற்றையும் பாகையும் எதிர்த்து நிற்கும் அதன் மணம் கிம்லெட் என்ற காக்டெயிலுக்கு அருமையாகப் பொருந்தும். 60 மில்லிக்குப் பதில் 40 மில்லி போடுங்கள், ஐஸில் சற்றுக் கூடுதல் நேரம் குலுக்குங்கள்; மணம் குறையாது, ஆல்கஹால் 40 சதவீத ஜின்னின் அளவுக்கு இறங்கிவிடும்.

பழைய குறிப்புகளை இன்றைய வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மார்ட்டினெஸைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மார்ட்டினியின் முன்னோடியாகப் பலர் கருதும் இந்தக் காக்டெயிலுக்கு ஜெர்ரி தாமஸின் பெயரில் 1887-இல் வந்த பதிப்பு தரும் அளவு: ஓல்டு டாம் ஒரு போனி, வெர்மூத் (மூலிகை மணமூட்டிய ஒயின்) ஒரு ஒயின் கோப்பை, இரண்டு சொட்டு மராஸ்கீனோ, ஒரு சொட்டு பிட்டர்ஸ். போனி என்பது சுமார் 30 மில்லி, ஒயின் கோப்பை என்பது சுமார் 60 மில்லி. ஆக, ஜின் ஒரு பங்கு, வெர்மூத் இரண்டு பங்கு. இன்று பல மதுக்கூடங்களில் இந்த விகிதம் தலைகீழாகிவிட்டது. ஜின் 60 மில்லி, வெர்மூத் 30 மில்லி. ஜின் 40 சதவீதம், வெர்மூத் 16 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் பழைய கோப்பையில் சுமார் 21.6 மில்லி தூய ஆல்கஹால், புதிய கோப்பையில் சுமார் 28.8 மில்லி. பழைய காலத்துக் காக்டெயில் என்றாலே கடுமையானது என்ற எண்ணம் இந்த ஒரு குறிப்பிலேயே உடைந்துபோகிறது. பழைய விகிதத்தில் செய்த மார்ட்டினெஸ் மூலிகை மணத்தோடும் ஆழ்ந்த சிவப்போடும் நாவில் வட்டமாக உருளும். எனக்கு அதுவே மேலானதாகப் படுகிறது. நல்ல இனிப்பு வெர்மூத் அதற்கு அவசியம். வெர்மூத் ஒயினிலிருந்து வருவது என்பதால் திறந்த குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற வெர்மூத்தை வைத்துக்கொண்டு ஜின்னைக் குறைசொல்லிப் பயனில்லை.

இத்தனை கணக்கும் பயன்பட வேண்டுமானால் கையளவாக ஊற்றும் பழக்கத்தை விட்டு ஜிக்கர் என்னும் அளவுக் கிண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டும். அனுபவமுள்ள பார்டெண்டர்கள்கூடக் கண்ணளவில் ஊற்றும்போது தவறுகிறார்கள். கோப்பை அகலமாக இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. ஐஸும் ஒரு மூலப்பொருளே. பெரிய, ஈரமற்ற கட்டிகளில் அரை நிமிடம் கிளறும்போது பானத்தில் கால் பங்கு அளவுக்கு நீர் சேர்கிறது, அந்த நீர்தான் ஜெனீவரின் தானிய மணத்தை விரியச் செய்கிறது. ராமோஸ் ஜின் ஃபிஸ் போன்று முட்டை வெள்ளைக்கரு சேரும் பானங்களில் பாஸ்சுரைஸ் செய்த வெள்ளைக்கருவையே பயன்படுத்துங்கள். ஆல்கஹாலும் எலுமிச்சையும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

வீட்டில் தாமே ஜூனிப்பரை ஊறவைத்துப் பழைய பாணி ஜின் தயாரிக்க முனைபவர்களுக்கு ஒரு சொல். உணவுக்கென விற்கப்படும் ஜூனிப்பரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். தோட்ட அழகுக்கு வளர்க்கப்படும் சவின் ஜூனிப்பர் நச்சுடையது, காய்ந்த காயைப் பார்த்து வேறுபடுத்துவது எளிதன்று. வீட்டில் மது வடிப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. தீ விபத்துக்கும் அது இடம் கொடுக்கும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத சாராயத்தில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது கண்ணையும் உயிரையும் பறிக்கும். முத்திரை உடைந்த குப்பி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மதுவில் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே கூறியது. குறைவாக அருந்தினால் தீங்கும் குறைவு என்பதே அதன் நிலை. கருவுற்றிருப்பவர்கள், வாகனம் ஓட்ட வேண்டியவர்கள், தூக்க மாத்திரையோ ஓபியாய்டு வலிநிவாரணியோ எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மதுப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் ஆகியோருக்கு நான் மதுவை ஊற்றுவதில்லை, வற்புறுத்துபவர்களையும் தடுத்துவிடுகிறேன். எலுமிச்சை, பாகு, சோடா, நசுக்கிய ஜூனிப்பர் சில ஆகியவற்றைக் கொண்டு மதுவில்லாத காலின்ஸ் ஒன்றை அதே கோப்பையில் அதே அக்கறையோடு தந்தால், மறுத்தவர் யாரும் தனித்து விடப்பட்டதாக உணர்வதில்லை.

விருந்தில் ஒருவர் தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வர, தோல் குளிர்ந்து வெளிறிக் கிடந்தால் அது உறக்கமன்று, ஆல்கஹால் நச்சு. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உடனே ஆம்புலன்சை அழையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உதவி வந்து சேரும்வரை யாராவது ஒருவர் அவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். என்ன குடித்தார், எத்தனை கோப்பை, அந்த ஜின்னின் வலு எவ்வளவு என்பதை மருத்துவப் பணியாளரிடம் சொல்லுங்கள். குப்பி கையருகே இருந்தால் அதையும் காட்டுங்கள்.